தண்ணீருக்குக் காபி நிறம்

ஜூலை 7

இன்று தக்காளிக்காகத் திட்டு வாங்கினேன்.

காய்கறி விலையேற்றச் செய்திக்கு ஒரு வட்டப்படம் போட்டிருந்தேன். தக்காளிக்குச் சிவப்பு, எலுமிச்சைக்கு மஞ்சள். இரண்டும் ஒட்டி வந்துவிட்டன. காலையில் ஒரு சங்கத்துக்காரர் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து, தங்கள் கொடியின் நிறத்தை இவ்வளவு பெரிதாகப் போட்டதற்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை எப்படியோ கேள்விப்பட்ட இன்னொரு சங்கத்துக்காரர், "அப்ப எங்களுக்கு எப்ப?" என்று கேட்டார். தக்காளி விலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

வரைகலைப் பிரிவின் தலைவர் திரவியம் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை. பிரிவில் அவரும் நானும் மட்டும்தான் என்பதால் அது யார் என்று குழம்ப வேண்டியதில்லை.

"ஏம்மா ராணி, தக்காளிக்கு வேற கலரே கெடைக்கலியா ஒனக்கு?"

"தக்காளி செவப்பாத்தான இருக்கும் அண்ணாச்சி."

"காயா வரைஞ்சிருக்கலாம்லா."

"அது பச்சை. பச்சைக்கும் ஆள் இருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சாம்பல் போடு. இந்த ஊர்ல யாருக்கும் சொந்தமில்லாத கலர் அது ஒண்ணுதான்."

சாம்பல் நிறத் தக்காளி. இந்த ஊருக்கு அது பொருத்தம்தான். இங்கே எட்டாம் வகுப்புப் பையன் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே அவன் எந்தத் தெரு என்று வாத்தியார் சொல்லிவிடுவார். பெயர் கேட்டால்தான் யோசிப்பார்.

இன்னொன்று. செய்திக்கு மேல் நிருபர் பெயர் வருகிறது. புகைப்படத்துக்குக் கீழே புகைப்படக்காரர் பெயர் வருகிறது. தக்காளியை வரைந்தவளுக்குப் பெயரில்லை. சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். "திட்டு சரியா ஒன்னத் தேடித்தான வருது? அப்பப் பேரு தெரிஞ்சுதான இருக்கு" என்கிறார் அண்ணாச்சி. என் முழுப்பெயர் ஜான்சிராணி. அப்பா வைத்தது. வாள் வாங்கித் தர மறந்துவிட்டார்.

ஜூலை 9

மின்னல் தாக்கிச் செத்த ஆடுகளுக்குப் படம். மின்னலுக்கு வெள்ளை. யாரும் போன் செய்யவில்லை.

ஜூலை 11

பெரிய வேலை வந்திருக்கிறது. ஊரில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிறது என்று ஒரு முழுப்பக்க வரைபடம். நகராட்சிச் செய்திகள் எழுதும் கோமதிநாயகத்தின் யோசனை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், இரண்டு மடங்கு நிதானமானவர். யாராவது பொய் சொன்னால்கூட முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டு நன்றி சொல்லுவார். எனக்கு அது பிடிப்பதில்லை. சரி, எரிச்சல் அவ்வளவாக இல்லை.

அண்ணாச்சி வழக்கமான பாடத்தை நடத்தினார். எங்கள் பிரிவில் எந்தப் படம் போட்டாலும் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ‘ஆதாரம்’ என்று ஒரு வரி வர வேண்டும். ஆதாரம்: நகராட்சி. ஆதாரம்: வேளாண் துறை. அந்த வரி இல்லாத படத்தை அவர் அச்சுக்கு அனுப்புவதில்லை. ஆசிரியரே கேட்டாலும் அனுப்பமாட்டார்.

"ஆறு பாயிண்ட் எழுத்த எவன் அண்ணாச்சி படிக்கான்?"

"சண்டைக்கு வாரவன் மொதல்ல அதத்தான் படிப்பான். யார் சொன்னாங்கன்னு கேட்டா, கை நீட்ட ஒரு ஆள் வேணும்."

மாலையில் நாயகம் பைக்கை எடுத்தபடி, "ஏறுங்க, விட்டுட்டுப் போறேன். வீடு எங்கன்னு சொன்னீங்க?" என்றார்.

"ரத வீதிக்குப் பின்னாடி."

பூங்கா நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். அங்கிருந்து நடை. நான் சொன்னது பொய் இல்லை. நிறைய தூரம் போனால் எல்லாமே ரத வீதிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

ஜூலை 14

அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். கழுவி முடித்துத் திரும்பும்போது இரண்டு கேன் நிறைய அங்கே வரும் நல்ல தண்ணீர் கொண்டுவருவாள். மண்டப மேனேஜர் கண்டுகொள்வதில்லை. அதனால் எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தைத் தண்ணீருக்காகப் பார்ப்போம். முகூர்த்த நாள் என்றால் நல்ல தண்ணீரில் சோறு. இல்லையென்றால் அடிபம்பு உப்புத் தண்ணீரில். பருப்பு வேகாது, குழம்பு முகத்தைச் சுளிக்க வைக்கும்.

ஆடி பிறக்கப் போகிறது. ஒரு மாதம் கல்யாணமே கிடையாது. இன்று கடைசி முகூர்த்தம். அம்மா கேனோடு ஒரு தூக்குவாளியையும் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"ஒனக்குன்னு ஒரு கல்யாணம் வந்தா, அன்னைக்கு ஒரு நாளாவது வயிறு நெறயக் குளிப்பேன்" என்றாள்.

"வயிறு நெறயக் குளிக்க முடியாதும்மா."

"நீ படிச்சவ, ஒனக்கு எல்லாம் தெரியும்."

ஜூலை 18

தண்ணீர் வரைபடத்துக்கு நீலம் போடக் கூடாதாம்.

தினமும் வரும் தெருவுக்கு அடர்நீலம், குறையக் குறைய வெளிர்நீலம் என்று போட்டுக் காட்டினேன். பாலர் பள்ளிக் குழந்தைகூடத் தண்ணீருக்கு நீலம்தான் அடிக்கும். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீலம் வேண்டாம்மா."

"ஏன்?"

"ஏன்னு ஒனக்குத் தெரியாதா? ரத வீதி பூராவும் அடர்நீலமா இருக்கு. அங்க உள்ளவங்க நாளைக்கு, எங்க தெருவுக்கு எதுக்கு அவங்க கலரப் பூசுனீங்கன்னு வந்து நிப்பாங்க."

‘அவங்க’ என்ற சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

பச்சை கூடாது, மஞ்சள் கூடாது, சிவப்பு கூடாது, காவி பேச்சே கூடாது. கடைசியில் பழுப்பு நிறம் கிடைத்தது. தண்ணீர் நன்றாக வரும் தெரு டிகிரி காபி நிறம். பத்து நாளுக்கு ஒருமுறை வரும் தெரு, பால் அதிகமாகிப்போன ஆஸ்பத்திரி காபி நிறம்.

"நல்லா இருக்கே, பசிக்குது" என்றார் நாயகம். நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன்.

ஜூலை 20

நகராட்சி தந்த விவரத்தை வைத்து எல்லாத் தெருக்களுக்கும் நிறம் போட்டு முடித்தாயிற்று. ரயில்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு துண்டு காலியாக இருந்தது. நாயகம் திரையில் விரல் வைத்தார்.

"இது என்ன எடம்? விவரமே வரலியே."

"வாய்க்காலடித் தெரு" என்றார் அண்ணாச்சி. "நகராட்சிக் கணக்குல வராது. பொறம்போக்கும்பாங்க."

"ஆளுக இருக்காங்களா?"

அண்ணாச்சி என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். நாயகம் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

"தெரியல" என்றேன்.

நாயகம் விரல் வைத்திருந்த இடத்தில்தான் எங்கள் வீட்டு முருங்கை மரம் நிற்கிறது. அவருடைய நகம் அதை மறைத்தது.

"நாளைக்கு ஒரு எட்டு போய்க் கேட்டுருவோமா? நீங்களும் வாங்களேன், எடத்தப் பாத்தா வரைய வசதியா இருக்கும்" என்றார். தலைவலி வரும் போலிருக்கிறது என்றேன். நாளைக்கு வரப்போகும் தலைவலியை இன்றே சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நல்லவேளையாக மாலையில் அவரை மந்திரி வருகைக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கம் உடனே வேண்டும் என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார்.

"சாம்பல் போட்டு, ஓரத்துல ‘தகவல் இல்லை’ன்னு போட்டுரு. அதுவும் நேர்மைதான்" என்றார் அண்ணாச்சி. போட்டேன்.

வடிவமைப்பு என்று பார்த்தால் அது சரியான முடிவு. பழுப்புக்கு நடுவே கொஞ்சம் சாம்பல் இருந்தால் கண்ணுக்கு ஓய்வு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இதற்கும் மேலே சொன்னதற்கும் சம்பந்தம் கிடையாது, சும்மா நினைவு வந்தது: முன்பு வேலை பார்த்த அச்சகத்தில் தெருப் பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். மறுநாள் டீ வந்தபோது எனக்கு மட்டும் தனி டம்ளர். புத்தம் புதிது, பூப்போட்டது. மற்றவர்களுடையதைவிட அழகாகத்தான் இருந்தது.

ஜூலை 21

காலையில் லாரி வந்தது. எங்களுக்கென்று வரும் லாரி அல்ல. மற்ற தெருக்களில் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது டிரைவர் ராசையா மிச்சத்தை எங்கள் தெருவில் திறந்துவிடுவார். பக்கத்து வீட்டு புஷ்பம் அத்தை அவருக்கு நாட்டுக்கோழி முட்டை கொடுப்பாள். முட்டைக்குத் தண்ணீர். எந்த அலுவலகத்துக்கும் தெரியாத ஏற்பாடு.

குடம் தூக்கித் தோள் வலிக்கிறது. தலைவலி வரவில்லை.

ஜூலை 24

வரைபடம் வந்தது. ஊரே பேசுகிறது. அதிகம் பேசியது கவுன்சிலர்கள். ஒருவர் தன் தெரு ரொம்பக் கறுப்பாக இருப்பதாகவும், வீட்டில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு தூங்குவதாக மக்கள் நினைப்பார்கள் என்றும் வருத்தப்பட்டார். நாயகம் முழுவதையும் எழுதிக்கொண்டு நன்றி சொன்னார்.

அவருடைய பெயர் தடித்த எழுத்தில். என் பெயர் வழக்கம்போல இல்லை. இந்த முறை நான் அண்ணாச்சியிடம் கேட்கவில்லை. அவருக்கே ஆச்சரியம். "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

ஜூலை 27

அம்மா பேப்பரை வாங்கித் தெரு முழுவதும் காட்டியிருக்கிறாள். எம் பிள்ள வரைஞ்சது. இதில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வரும்போது புஷ்பம் அத்தை வாசலில் பேப்பரை விரித்துவைத்து அதன் மேல் குனிந்திருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

"இது பாலம். இது அரிசி மில்லு. அப்ப நாம எங்கட்டி?"

காட்டினேன்.

"இது என்ன, சாம்பலா அப்பியிருக்கு?"

"தகவல் இல்லைன்னா அந்தக் கலர் போடுவாங்க அத்தை."

"யாருக்கு இல்ல?"

"பேப்பருக்கு."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி, தகவல் தெனமும் இந்தா, இந்த வீட்டுக்குள்ளதான படுத்துத் தூங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்லூரிக்குப் போகும் இரண்டு பேர், இனிமேல் சாம்பல்தான் நம்ம தெரு கலர், கயிறு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்கள். அதற்கும் சிரித்தார்கள். இந்தத் தெருவில் எதற்கும் முதலில் சிரித்துவிடுவார்கள். கோபப்படுவதற்கு என்னைப் படிக்கவைத்திருக்கிறார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் போனபிறகு பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மறந்துட்டியாம்மா?"

ஆமாம் என்றேன்.

ஜூலை 31

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வரைபடத்தைப் பார்த்து நகராட்சி அசைந்துவிட்டதாம். வெளிர்பழுப்புத் தெருக்களுக்கெல்லாம் கூடுதல் லாரி. இன்ஜினியர் எங்கள் பக்கத்தையே வெட்டித் தன் அறைச் சுவரில் ஒட்டி, அதை வைத்து லாரிகளுக்கு வழி போட்டிருக்கிறார். ஆசிரியர் எல்லாருக்கும் லட்டு வாங்கித் தந்தார்.

ராசையாவின் லாரிக்கும் புது வழி. கடைசிச் சொட்டு வரை ஊற்றும் இடம் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். பாலத்தைத் தாண்டாமலே வண்டி திரும்பிவிடுகிறது. நான்கு நாளாக அவர் வரவில்லை. மண்டபமும் மூடிக் கிடக்கிறது.

புஷ்பம் அத்தை பெண்களைக் கூட்டிக்கொண்டு இன்ஜினியரைப் பார்க்கப் போயிருக்கிறாள். அவர் சுவரைக் காட்டியிருக்கிறார். "பாருங்கம்மா, பேப்பர்லயே தகவல் இல்லைன்னுதான் போட்டிருக்கு. எத்தன குடும்பம், எவ்வளவு தேவைன்னு எத வச்சு நான் லாரி அனுப்ப?"

அத்தை இதை அப்படியே நடித்துக் காட்டினாள், இன்ஜினியர் மூக்கைச் சொறிவது உட்பட. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

லட்டு பையிலேயே இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்தேன். "எதுக்கு லட்டு?" என்றாள். "சும்மா" என்றேன்.

ஆகஸ்ட் 2

அண்ணாச்சியிடம் போய், வாய்க்காலடித் தெருவுக்குத் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"என்ன திருத்தம்?"

"அங்க குழாயே கெடையாது அண்ணாச்சி. ஒரு அடிபம்பு இருக்கு, அதுவும் உப்பு. அறுபது குடும்பம் இருக்கும்."

"சரி. யார் சொன்னா?"

"விசாரிச்சேன்."

"யார்ட்ட?"

"ஒருத்தங்ககிட்ட."

"அந்த ஒருத்தங்களுக்குப் பேரு உண்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் வினோதம். "ஆதாரம் இல்லாம நான் போடமாட்டேன்னு ஒனக்குத் தெரியும். நகராட்சி தரல. அப்ப அங்க இருக்கற ஒரு ஆளு, பேரோட சொல்லணும்" என்றார்.

கோழை. விதிமுறையைப் பிடித்துக்கொண்டு தொங்கும் கோழை. இருபத்தைந்து வருடமாக எறும்பு எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சம்பளம் வாங்குபவர். உண்மையைச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். இந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் அது கிடையாது.

ஆகஸ்ட் 4

நாயகத்திடம், நீங்களே போய்க் கேட்டு வாருங்கள் என்றேன். நான் வரவில்லை, வேலை இருக்கிறது என்றேன். காலை பதினொரு மணிக்குக் கிளம்பினார். நான் ஒரே கோட்டை மதியம் வரை வரைந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய முருங்கைக்கீரைக் கட்டு.

"என்ன சொன்னாங்க?" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

"புஷ்பம்னு ஒரு அத்தை, டீ போட்டுக் குடுத்தாங்க. தண்ணியில்லாத தெருவுல எனக்கு டீ. உப்புக் கரிச்சுது. குடிச்சுட்டேன்." உட்கார்ந்தார். "விவரம் மட்டும் யாரும் சொல்லமாட்டேங்காங்க. என்ன கேட்டாலும், ‘எங்க தெருப் பிள்ள ஒண்ணு இருக்கு, படிச்சது, அதுக்கு எல்லாம் தெரியும், அதுவே சொல்லும்’னு ஒரே பதில். யாரு அந்தப் பிள்ளன்னு கேட்டேன். சிரிக்காங்க."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஒரு அம்மா வந்து கீரை ஒடிச்சுக் குடுத்தாங்க. எனக்கு எதுக்கும்மான்னேன். ‘ஒங்க ஆபீஸ்ல படம் போடுத பிள்ள இருக்காம்லா, அதுக்குக் குடுங்க, மெலிஞ்சு போயிருக்கும்’னாங்க." கட்டை என் மேசையில் வைத்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "ஒங்களப் பாக்காமலே மெலிஞ்சு போயிருப்பீங்கன்னு எப்படித் தெரியும்னு கேக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன்."

அண்ணாச்சி திடீரென்று இருமினார். வெகுநேரம் இருமினார்.

எங்கள் மரத்துக் கீரையைக் கோமதிநாயகத்தின் கையால் வாங்கி, பூங்கா நிறுத்தத்தில் இறங்கி, நடந்து, அதே மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"கீரை நல்லா இருக்கே. எங்க வாங்குன?" என்றாள்.

ஆகஸ்ட் 5

உப்புத் தண்ணீரில் முருங்கைக்கீரை வேகுமா என்று யாராவது கேட்டால், வேகாது. ஆதாரம்: நான்.

ஆகஸ்ட் 6

நேற்று விளையாட்டாக எழுதிய அந்தக் கடைசி வார்த்தை நாள் முழுவதும் பின்னாலேயே வந்தது.

ராசையா இன்றும் வரவில்லை. அரிசி மில் பின்வாசலில் குடத்தோடு நின்றோம். காவலாள் குழாயைத் திறப்பதற்கு முன்னால் எங்களைக் கொஞ்ச நேரம் நிற்கவைத்தான். குழாய் அவனுடையது இல்லை. நிற்கவைப்பது மட்டும்தான் அவனுக்கென்று இருந்தது. அம்மா இரண்டாவது குடத்தைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். குடத்தைத்தான் முதலில் பார்த்தாள். கொட்டவில்லை.

"நீ ஆபீசுக்குக் கெளம்பு, நேரமாகுது" என்றாள்.

ஆகஸ்ட் 8

காலையிலிருந்து வரைந்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்க்கவில்லை. நாயகம் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலப் போனார்.

ஒரு தெரு. அவ்வளவுதான் படம். பாலம், வாய்க்கால், அரிசி மில், அடிபம்பு, மில் பின்வாசலுக்குப் போகும் பாதை. வீடுகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். கதவு நிறம்கூடத் தெரியும் எனக்கு. ஆனால் அதற்குப் போகவில்லை. குடத்தோடு ஒரு பெண் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதற்கு ஒரு கோடு. மண்டபத்திலிருந்து கேன் வரும் பாதைக்கு இன்னொரு கோடு, ஆடி மாதம் வந்ததும் அது அறுந்துவிடும். குட்டியாக ஒரு லாரி, அதற்குப் பக்கத்தில் ஒரு முட்டை. அப்புறம் முட்டையை எடுத்துவிட்டேன். ராசையாவுக்கு வேலை போய்விடும்.

தண்ணீர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நீலம் போட்டேன். நல்ல அடர்நீலம். மொத்தப் படத்திலும் நான்கு இடத்தில்தான் வந்தது.

கடைசியாக, அடியில் அந்த வரி. அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. தட்டினேன், அழித்தேன், தட்டினேன். தண்ணீர் குடிக்கப் போனேன். அலுவலகக் குடிநீர் இயந்திரத்தில் எவ்வளவு பிடித்தாலும் வந்துகொண்டே இருக்கிறது. டம்ளர் வழிந்து கால் நனைந்தது. திரும்பி வந்து தட்டினேன்.

அண்ணாச்சியின் கணினியில் திறந்துவைத்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. நேராக அடிக்குத்தான் போனார்.

ஆதாரம்: ஜா. ஜான்சிராணி, வாய்க்காலடித் தெரு.

அதைப் படித்து முடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"ரத வீதிக்குப் பின்னாடின்னுல்லா சொன்ன?"

"பின்னாடிதான் அண்ணாச்சி. கொஞ்சம் தள்ளி."

"கதவு எண் போடலியே."

"கெடையாது. நகராட்சி குடுக்கல."

"அப்ப அதையும் போடு. கதவு எண் இல்லைன்னு." அவரே தட்டினார், இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாக. பிறகு மேலே போய்ப் படத்தைப் பார்த்தார். நீலத்தில் வந்து நின்றார். கை கண்ணாடிக்குப் போனது.

"தண்ணி அண்ணாச்சி" என்றேன்.

கை பாதியில் நின்றது. "தண்ணின்னா நீலந்தான்" என்றார். "போன் வந்தா நீ எடு."

நான் என் இடத்துக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து சொன்னார்: "பேரு போடணும், பேரு போடணும்னு கேட்டியே. வந்துட்டு பாத்துக்க. ஆறு பாயிண்ட்ல."

"தெரிஞ்சுதான் இருந்தீங்களா?" என்றேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்காங்களான்னு நாயகம் கேட்டப்ப, நீ விசைப்பலகையப் பாத்த. அதுல பதில் இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றார். அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தேன். கோபம் சரியான அளவில் வரவில்லை. இன்னொரு நாளைக்கு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

வந்துவிட்டது. மூன்றாம் பக்கம், கீழ்ப்பாதி.

முதல் போன் நீலத்தைப் பற்றி. நான்தான் எடுத்தேன். "எந்த அடிப்படையில இந்தக் கலர் போட்டீங்க?" என்றார். "தண்ணி சார்" என்றேன். வைத்துவிட்டார்.

விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் மெனக்கெட்டு மாடியேறி வந்தார். "படத்தப் பாத்தேம்மா. ஒன்னப் பாத்தா அப்படித் தெரியவே இல்லியே" என்றார், பாராட்டுபோல.

"எப்படித் தெரியணும்?"

பதில் யோசித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனார். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது போன் நகராட்சி இன்ஜினியர். "ஆதாரம்னு ஒருத்தர் பேரு போட்டிருக்கீங்களே, அவர்ட்ட கொஞ்சம் பேசணும்."

"நான்தான்."

"அவர் இல்லம்மா, அந்த ஜான்சிராணின்னு..."

"நான்தான் சார்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, பாலத்துக்குக் கீழே லாரி நுழையுமா, உயரம் போதுமா என்று கேட்டார். ராசையா வண்டி நுழையும் என்று வாய் வரை வந்தது. நுழையும் என்று மட்டும் சொன்னேன். எத்தனை குடும்பம் என்று கேட்டார். சொன்னேன். குழாய் எப்போது என்று நான் கேட்டேன். அதற்கு மேலிடத்திலிருந்து தகவல் இல்லை என்றார்.

நான்கு மணிக்கு டீ வந்தது. முதலில் டீயைப் பார்க்கவில்லை, டம்ளர்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. எல்லாவற்றிலும் நேற்றைய கறை. ஒன்றை எடுத்துக் குடித்தேன். இவ்வளவு மோசமான டீயை இவ்வளவு நிம்மதியாகக் குடித்ததில்லை.

ஆகஸ்ட் 12

லாரி வந்தது. மிச்சம் இல்லை, முழு லாரி. ராசையாதான் ஓட்டிவந்தார். புஷ்பம் அத்தை பழக்கத்தில் முட்டையை நீட்டினாள். "இப்ப இது ஆபீஸ் டூட்டி மதினி" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று அம்மா குறை சொன்னாள். குறை சொல்லும் அளவுக்குத் தண்ணீர் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 17

ஆவணி முதல் நாள். அம்மா மண்டபத்துக்குப் போய்விட்டாள். கேனை எடுத்துக்கொண்டுதான் போனாள். லாரியை நம்புவதற்கு அவள் ஒன்றும் ஜான்சிராணி இல்லையாம்.

வேலை முடிந்து கிளம்பும்போது நாயகம் பைக்கை எடுத்தார். "வீடு எங்கன்னு சொன்னீங்க?" என்றார். எல்லாம் தெரிந்துகொண்டு, முழு மரியாதையோடு, அதே கேள்வி.

"ரத வீதிக்குப் பின்னாடி" என்றேன்.

ஏறிக்கொண்டேன். ரத வீதி போனது. பூங்கா நிறுத்தம் வந்ததும் வண்டியின் வேகம் குறைந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு வேகத்தில் வைத்திருந்தார்.

"இன்னும் பின்னாடி" என்றேன்.